மேடையில் இன்-இயர் மொனிற்றர் பாவிப்பது எப்படி: வன்னி இசைக்குழுக்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வன்னியில் கோயில் திருவிழா மேடை ஏறியவர்களுக்கு இது பழகிய காட்சி. மேடையின் இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்கு மேல் அடுக்கிய ஸ்பீக்கர் பெட்டிகள், பின்னால் ஜெனரேற்றர், முன்னால் மணலில் பாய் விரித்து இருக்கும் சனம். கோயிலடியில் இருந்து சந்தி வரைக்கும் கம்பத்திலும் பனையிலும் கட்டிய கூம்பு ஒலிபெருக்கிகளிலும் அதே பாட்டுத்தான் போகும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. ஒலி ஒரு செக்கனுக்கு ஏறக்குறைய 345 மீற்றர் ஓடும். 100 மீற்றர் தள்ளி நிற்கும் கூம்பில் இருந்து உங்கள் குரல் மேடைக்குத் திரும்பி வரும்போது கிட்டத்தட்ட 0.3 செக்கன் பிந்தியிருக்கும். நிமிடத்துக்கு 120 தட்டு உள்ள ஒரு குத்துப்பாட்டில் தட்டுக்குத் தட்டு இடைவெளியே 0.5 செக்கன்தான். அரைத் தட்டுக்கு மேல் பிந்தி வரும் சத்தம் காதில் விழ விழ பாடகர் இழுபடுவார். அவர் இழுபட ட்ரம்ஸ்காரரும் இழுபடுவார். கீபோட்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்ப்பார்.

இன்-இயர் மொனிற்றர் இதற்கு நல்ல மருந்து. காதுக்குள் இறுக்கமாகப் போடும் சிறிய இயர்போன். மிக்ஸரில் இருந்து உங்களுக்கென்று தனியாகப் பிரித்த சத்தம் அதற்குள் வரும். வாசிப்பவர் தன் சத்தத்தைக் கேட்கத் தரையில் வைக்கும் வெட்ஜ் மொனிற்றர் ஸ்பீக்கர்கள் குறையும், மைக் கூவுவது குறையும், தாளம் நேரத்துக்குக் கேட்கும். ஆனால் வாங்கிய கையோடு மேடைக்குக் கொண்டுபோய், இரண்டாம் பாட்டிலேயே கழற்றிக் கழுத்தில் தொங்கவிட்ட பாடகர்களும் நிறையப் பேர். பிழை பெரும்பாலும் இயர்போனில் இருப்பதில்லை. காதை அடைத்த பிறகு, மிக்ஸரில் இருந்து அனுப்பாத எதுவும் உங்களுக்கு ஒழுங்காகக் கேட்காது. வெட்ஜ் காலத்தில் பக்கத்தில் நிற்பவரின் அம்பில் (அம்ப்ளிபயரில்) இருந்தும் ட்ரம்ஸில் இருந்தும் சும்மா வந்து சேர்ந்த சத்தமெல்லாம் இப்போது யாரோ ஒருவர் கை வைத்து அனுப்பினால்தான் வரும். அதனால் எந்த இயர்போன் வாங்குவது என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு மிக்ஸரில் இருந்து தொடங்குவோம்.

மிக்ஸரில் எத்தனை ஒக்ஸ் இருக்கிறது என்று பாருங்கள்

எங்கள் பக்கத்தில் குழு ஒருவருடையது, சவுண்ட் செட் இன்னொருவருடையது என்பதுதான் வழக்கம். ஆகவே முதல் வேலை, வாடகைக்கு வரும் மிக்ஸர் எது என்று முன்கூட்டியே கேட்டு அறிவது. அதில் 'ஒக்ஸ்' வெளியீடு எத்தனை உண்டு, அவற்றில் எத்தனை 'ப்ரீ-பேடர்' என்ற இரண்டும் தெரிந்தால் போதும்.

ஒவ்வொரு ஒக்ஸும் ஒரு தனி மிக்ஸ். நான்கு ஒக்ஸ் இருந்தால் நான்கு பேருக்கு வெவ்வேறு மிக்ஸ், அல்லது ஸ்டீரியோவில் (இடது காதுக்கு ஒன்று, வலது காதுக்கு ஒன்று) இரண்டு பேருக்கு. ப்ரீ-பேடர் என்பது, சனத்துக்குப் போகும் சத்தத்தைச் சவுண்ட்காரர் பேடரில் (மேலும் கீழும் தள்ளும் பிடியில்) ஏற்றி இறக்கினாலும் உங்கள் காதுக்கு வரும் அளவு மாறாமல் இருக்கும் வழி. போஸ்ட்-பேடரில் இருந்தால் அவர் கிற்றாரைக் குறைக்கும்போது உங்கள் காதிலும் கிற்றார் குறையும். சின்ன அனலொக் மிக்ஸர்களில் ஒக்ஸுக்குப் பக்கத்தில் 'ப்ரீ / போஸ்ட்' பொத்தான் இருக்கும். சிலவற்றில் ஒரேயொரு ஒக்ஸும் எபெக்ட்டுக்குப் போகும் இன்னொன்றும் மட்டும்தான் இருக்கும். அப்படியென்றால் ஒரு ஆளுக்குத்தான் இன்-இயர் சரிவரும். அந்த ஒரு ஆள் ட்ரம்ஸ்காரராக இருக்கட்டும். தாளம் அசையாமல் நின்றால் மற்றவர்கள் வெட்ஜிலேயே சமாளிக்கலாம்.

குழுவே ஒரு டிஜிற்றல் மிக்ஸர் வாங்கி வைப்பதுதான் நீண்ட காலத்துக்கு நல்லது என்பது என் அபிப்பிராயம். பெரிங்கர் எக்ஸ்ஆர்18 போன்ற ஒன்றில் 16 மைக் உள்ளீடும் 6 ஒக்ஸ் வெளியீடும் உண்டு. மொனோவில் ஆறு பேர், ஸ்டீரியோவில் மூன்று பேர், அல்லது பாடகருக்கு மட்டும் ஸ்டீரியோ கொடுத்து மற்ற நான்கு பேருக்கு மொனோ. ஒவ்வொருவரும் தன் போனில் உள்ள ஆப்பில் தன் மிக்ஸை மட்டும் திருத்தலாம். "அண்ணை, என்ர குரலைக் கொஞ்சம் கூட்டுங்கோ" என்று நூறு பேருக்கு முன்னால் மைக்கில் கெஞ்சத் தேவையில்லை. முக்கியமான பலன் வேறு: அமைப்பைச் சேமித்து வைக்கலாம். மல்லாவியில் போட்ட மிக்ஸ் அடுத்த கிழமை புதுக்குடியிருப்பிலும் அப்படியே எழும்பும்.

குழுவின் மிக்ஸரையும் சவுண்ட்காரரின் மிக்ஸரையும் இணைக்க இரண்டு வழி. எல்லா மைக்கும் உங்கள் மிக்ஸருக்குள் வந்து, அதில் இருந்து இடது வலது என இரண்டு வயர் மட்டும் சவுண்ட்காரருக்குப் போவது ஒன்று. சின்னக் குழுக்களுக்கு இது சரி. ஆனால் வெளியில் கேட்கும் சத்தத்தை முன்னால் நின்று பார்க்கும் ஆள் ஒருவர் உங்கள் பக்கத்தில் வேண்டும். சில சவுண்ட்காரர்களுக்கு இது பிடிக்காது. தன் செட்டில் தன் கைக்கு வேலை இல்லாமல் போகிறதே என்று முகம் சுருங்கும். முதல் நாளே போன் எடுத்துக் கதைத்து வைத்தால் அரைவாசிப் பிரச்சினை தீரும். மற்றது, ஸ்பிளிற்றர் போட்டு ஒவ்வொரு மைக்கையும் இரண்டாகப் பிரித்து இரண்டு மிக்ஸருக்கும் அனுப்புவது. செலவு கூட, வயரும் கூட, ஆனால் இருவரும் தம் வேலையைத் தாம் பார்க்கலாம். அப்படிப் பிரிக்கும்போது சில மைக்குகளுக்கு மைக் வயர் வழியாகவே போகும் 48 வோல்ட் பான்ரம் பவரை ஒரு மிக்ஸரில் இருந்து மட்டும் கொடுங்கள்.

வயரில் தொடங்குங்கள்

இன்-இயர் என்றதும் இடுப்பில் பெட்டியும் அன்ரனாவும்தான் எல்லோர் கண்ணிலும் வரும். அது பிறகு பார்க்கலாம். ட்ரம்ஸ்காரரும் ஒக்டாபாட் (எலெக்ட்ரொனிக் ட்ரம்) காரரும் கீபோட்காரரும் இருந்த இடத்தை விட்டு அசைவதில்லை. பேஸ் கிற்றார்காரருக்கு எப்படியும் ஒரு வயர் கிற்றாரில் தொங்குகிறது. இயர்போன் வயரையும் அதனோடு சேர்த்து ஓரிரு இடத்தில் கட்டிவிட்டால் முடிந்தது. உண்மையில் வயர்லெஸ் தேவைப்படுவது முன்னால் நடந்து பாடும் ஆளுக்கு மட்டும்தான்.

வயரில் போவதற்கு ஒரு சிறிய ஹெட்போன் அம்ப் வேண்டும். நான்கு பேருக்கான பெட்டிகளும் உண்டு, பெரிங்கர் பி2 போல இடுப்பில் செருகும் தனி ஆளுக்கானவையும் உண்டு. பி2 இரண்டு ட்ரிபிள்-ஏ பற்றரியில் ஓடும், மொனோவா ஸ்டீரியோவா என்று மாற்றும் சுவிட்ச் அதிலேயே இருக்கிறது. ஒக்ஸ் வெளியீட்டில் இருந்து ஒரு மைக் வயர், அதன் முனையில் இந்த அம்ப், அதில் இயர்போன். அவ்வளவுதான்.

அம்பை விட்டுவிட்டு ஒக்ஸ் வெளியீட்டிலேயே நேராக இயர்போனைச் செருகிப் பார்க்கும் ஆசை வரும். செய்யாதீர்கள். அந்த வெளியீடு பலன்ஸ்ட் மொனோ, அதாவது ஒரே சத்தத்தை நேராகவும் தலைகீழாகவும் இரண்டு கம்பியில் அனுப்புவது. ஸ்டீரியோ இயர்போனை அதில் செருகினால் இடது காதுக்கும் வலது காதுக்கும் ஒரே சத்தம் எதிரெதிர்த் திசையில் போகும். தலைக்குள் ஏதோ பிசகியது போல மெலிந்த, அருவருப்பான ஒரு சத்தம்தான் வரும். இன்னொரு கவனம்: மேடையில் வயர்களைச் செருகும் ஸ்டேஜ் பெட்டியில் உள்ளீட்டுத் துளையையும் வெளியீட்டுத் துளையையும் மாற்றிச் செருகி, 48 வோல்ட் போகும் வயரை ஹெட்போன் அம்புக்குக் கொடுத்துவிடாதீர்கள். துளைகளுக்கு நிற ரேப் ஒட்டி வைத்தால் இருட்டிலும் பிழைக்காது.

காதில் போடும் சாமான்

போனோடு வந்த இயர்போன் சரிவராது. அது காதை அடைப்பதில்லை. ப்ளூரூத் இயர்பட்ஸ் அதைவிட மோசம், சாதாரணமாக 100 மில்லிசெக்கனுக்கு மேல் பிந்தும். தெருவோரக் கூம்பிடம் இருந்து தப்பி வந்து அதே பிந்தலைக் காதுக்குள்ளேயே வைத்துக்கொள்வதில் அர்த்தமில்லை.

வயர் காதுக்கு மேலால் சுற்றிப் பின்னால் போகும் வடிவமும், கழற்றி மாற்றக்கூடிய வயரும் கட்டாயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேடையில் முதலில் சாவது வயர்தான். ஷூர் எஸ்இ215 உலகம் முழுக்கத் தொடக்கநிலைக் குழுக்கள் பாவிப்பது. வெளிச் சத்தத்தை 37 டெசிபெல் வரை மறிக்கும் என்று அந்த நிறுவனம் சொல்கிறது. கேஇசட் போன்ற மலிவான சீனத் தயாரிப்புகள் அதில் ஒரு பங்கு விலைதான். கீபோட்காரருக்கும் கிற்றார்காரருக்கும் நன்றாகவே போதும். ஆனால் அவற்றில் சிலவற்றுக்குக் காற்றுத் துளை இருப்பதால் ட்ரம்ஸ் செட்டுக்குப் பின்னால் இருப்பவருக்கு மறிப்புக் காணாது. காசு மட்டாக இருந்தால் நல்ல சோடியை ட்ரம்ஸ்காரருக்கும் பாடகருக்கும் கொடுங்கள். காதுக்கு அச்செடுத்துச் செய்விப்பது இதையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு. மற்றவர்கள் அந்தக் காசை மிக்ஸருக்குப் போடலாம்.

இந்த இடத்தில் ஒன்று. கனடாவில் இருந்து சித்தப்பாவோ மாமாவோ கொண்டுவந்து தந்த சாமான் என்றால் அடப்டரைத் திருப்பிப் பாருங்கள். அங்கே 120 வோல்ட், இங்கே 230. அடப்டரில் '100-240' என்று அச்சிட்டிருந்தால் பயமில்லை. '120' மட்டும் இருந்தால் செருக வேண்டாம். வெளியே கொடுக்கும் வோல்ட் அதே, முனை அதே, அம்பியர் குறையாத ஓர் உள்ளூர் அடப்டரை வாங்குங்கள்.

காதுக்குள் போடும் விதம்

பெட்டியில் சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்று அளவில் ரப்பர் முனைகளும், பல வேளை நுரை முனைகளும் வரும். மேடைக்கு நுரைதான் என் தெரிவு. நுரையை விரல்களுக்கு இடையில் உருட்டி மெல்லிய குச்சி போல ஆக்குங்கள். மற்றக் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காது மடலை மேலேயும் பின்னேயும் இழுங்கள். காதுக் குழாய் நேராகும். உள்ளே விட்டு, நுரை விரிந்து சுவரைப் பிடிக்கும் வரை விரலால் அரை நிமிடம் பிடித்திருங்கள். வெளியில் கதைப்பவர்களின் சத்தம் மெல்ல மெல்ல அடங்கிப் போவது தெரியும்.

சரியாக அடைத்ததா என்று பார்க்க, பேஸ் நன்றாக உள்ள ஒரு பாட்டைப் போட்டு இயர்போனை இன்னும் கொஞ்சம் உள்ளே அழுத்துங்கள். அழுத்தும்போது பேஸ் திடீரென்று கூடினால் இதுவரை காற்றுப் போய்க்கொண்டிருந்தது என்று அர்த்தம். முனையின் அளவை மாற்றுங்கள். இரண்டு காதுக்கும் ஒரே அளவு பொருந்த வேண்டும் என்றில்லை. வாயை அகலத் திறந்து உச்ச சுரம் ஒன்றைப் பாடியும் பாருங்கள், தாடை அசையும்போது காதுக் குழாயின் வடிவம் மாறும். இருந்து பார்க்கும்போது இறுக்கமாக நின்றது பாடும்போது கழரலாம். 'இந்த இயர்போனில் பேஸே இல்லை' என்று குறை சொல்பவர்களில் பலருக்குப் பிழை இந்த இடத்தில்தான்.

மிக்ஸ் கட்டுவது

இதற்குத்தான் நேரம் வேண்டும். மேடையில் வேண்டாம், ஒத்திகையில் செய்யுங்கள்.

முதலில் மிக்ஸரில் ஒவ்வொரு சனலின் கெயினையும் (மைக் சத்தத்தை மிக்ஸர் உள்ளே எடுக்கும் அளவு) ஒழுங்காக வையுங்கள். ஒரே மிக்ஸர்தான் வெளிக்கும் காதுக்கும் என்றால், நடு நிகழ்ச்சியில் சவுண்ட்காரர் கெயினைத் திருகினால் ப்ரீ-பேடராக இருந்தாலும் உங்கள் காதில் சத்தம் பாயும். "தம்பி, சவுண்ட் செக் முடிஞ்சா கெயினைத் தொடாதேங்கோ, பேடரால பாருங்கோ" என்று அன்பாகச் சொல்லி வையுங்கள்.

அடுத்து, எல்லா ஒக்ஸையும் பூச்சியத்தில் இருந்து தொடங்குங்கள். பாடகருக்கு முதலில் அவருடைய குரல். பிறகு சுருதியைப் பிடிக்கும் ஒன்று, பெரும்பாலும் கீபோட். பிறகு தாளத்துக்கு ட்ரம்ஸில் கிக்கும் (காலால் அடிப்பது) ஹைஹட்டும் (சோடித் தட்டு) கொஞ்சம். பேஸ் கிற்றார் உணரும் அளவுக்கு மட்டும். லீட் கிற்றாரும் மற்றவையும் இருக்கின்றன என்று தெரிந்தால் காணும். வீட்டில் கேட்கும் பாட்டுப் போல எல்லாமே நிறைவாகக் கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டால், ஒவ்வொன்றாகக் கூட்டிக் கூட்டிக் கடைசியில் ஒன்றுமே தெளிவாக இராது.

தன் குரலின் அளவில் பாடகர் கவனமாக இருக்க வேண்டும். காதில் குரல் கூடிவிட்டால் தன்னை அறியாமலே மெதுவாகப் பாடத் தொடங்குவார், வெளியில் குரல் மெலியும். குறைந்துவிட்டால் கத்துவார், பத்தாவது பாட்டில் தொண்டை கட்டிவிடும். வெளியில் நின்று கேட்கும் ஒருவர், பாடகர் கத்துகிறாரா அடங்குகிறாரா என்று பார்த்துச் சொன்னால் சரியான அளவு கெதியாகக் கிடைக்கும்.

காதை அடைத்துப் பாடும்போது சொந்தக் குரல் எலும்பு வழியாகத் தலைக்குள் முழங்கும். அது இயல்பு. மிக்ஸரில் குரல் சனலுக்கு 100 ஹேர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டால் முழக்கம் கொஞ்சம் குறையும். குரல் வெறுமையாக, வெறும் கூடு போல ஒலித்தால் அந்தச் சனலின் பொலாரிற்றிப் பொத்தானை (ஒலி அலையைத் தலைகீழாக்குவது) ஒருமுறை அமத்திப் பாருங்கள். எலும்பு வழியாக வரும் குரலும் இயர்போனில் வரும் குரலும் ஒன்றை ஒன்று வெட்டிக்கொண்டிருந்தால் இதில் தீரும். அப்புறம் கொஞ்சம் ரிவேர்ப் (மண்டபத்தில் பாடுவது போன்ற எதிரொலி). வெளிக்குப் போகும் ரிவேர்ப் வேறு, காதுக்கு வரும் ரிவேர்ப் வேறு. காய்ந்த குரலைக் காதுக்குள் கேட்டுக்கொண்டு மூன்று மணித்தியாலம் பாடுவது பெரிய தண்டனை.

ட்ரம்ஸ்காரருக்குக் கிளிக் (தாளம் காட்டும் 'டொக் டொக்' ஒலி), பேஸ், கிக், முன்குரல் என்ற நான்கும் போதும். ஸ்னேரும் சிம்பலும் எப்படியும் இயர்போனைத் துளைத்துக்கொண்டு வரும். கீபோட்காரருக்குத் தன் வாத்தியமும் குரலும் மேலே நிற்க வேண்டும். பேஸ்காரர் பேஸின் அதிர்வு உடம்பில் இல்லை என்று முறைப்படுவார். அவருக்குப் பின்னால் ஒரு சின்ன அம்பைச் சத்தம் குறைத்து விட்டுவிடுங்கள்.

ஒருவர் "எனக்குக் கீபோட் கேக்கேல்ல" என்றால் உடனே கீபோட்டைக் கூட்டாதீர்கள். அவருடைய மிக்ஸில் எது கீபோட்டை மூடுகிறது என்று பார்த்து அதைக் குறையுங்கள். ஸ்டீரியோ என்றால் மேடையில் யார் எந்தப் பக்கம் நிற்கிறாரோ அந்தப் பக்கமாக அவருடைய சத்தத்தைத் தள்ளி வையுங்கள். அளவைக் கூட்டாமலே ஒவ்வொன்றும் தனித்துத் தெரியும்.

எங்கள் ஊர்களில் ஷெல் அதிர்வில் ஒரு காது மந்தமாகிப் போனவர்கள் இருக்கிறார்கள், நல்ல வாத்தியக்காரர்களிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஸ்டீரியோ கொடுத்தால் மந்தமான பக்கம் தள்ளிய வாத்தியம் காணாமல் போய்விடும். மொனோவில் எல்லாவற்றையும் இரண்டு பக்கமும் சமமாக அனுப்புங்கள். நல்ல காது ஒன்றுதான் என்பதால் சத்தத்தை அவர் மற்றவர்களைவிடக் குறைவாக வைப்பதே புத்தி. செவிப்பறை ஓட்டை, காதில் நீர் வடிதல் உள்ளவர்கள் காதை அடைக்க முன் காது, மூக்கு, தொண்டை வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

சனத்தின் சத்தமும் மேடைப் பேச்சும்

காதை அடைத்த பாடகர் "கை தட்டுங்கோ!" என்று கேட்டு, சனம் தட்டியதும் கேட்காமல் "சத்தம் காணாது!" என்று திரும்பக் கேட்டு நிற்பார். இதற்கு மருந்து சனத்தைப் பார்த்து வைக்கும் ஒரு சோடி மைக். மேடையின் இரண்டு முன் மூலைகளிலும், பெரிய ஸ்பீக்கர்களுக்கு முதுகு காட்டி, சனத்தின் பக்கம் திருப்பி வையுங்கள். அவை இன்-இயருக்கு மட்டும் போக வேண்டும், வெளி ஸ்பீக்கருக்குப் போகவே கூடாது. பாட்டு நடக்கும்போது மெல்லியதாகவும் பாட்டு முடிந்ததும் கொஞ்சம் கூட்டியும் வைத்தால், பாடகர் கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பது போன்ற உணர்வு போய்விடும்.

இது இல்லாததால்தான் பலர் ஒரு பக்கத்தைக் கழற்றிவிட்டுப் பாடுகிறார்கள். பார்க்க ஸ்டைலாக இருக்கும். ஆனால் இரண்டு காதாலும் கேட்கும்போது மூளைக்குச் சத்தம் கூடத் தெரியும். ஒன்றைக் கழற்றியதும் மற்றதில் அளவைக் கூட்டத் தோன்றும். திறந்த காதுக்கு மேடைச் சத்தமெல்லாம் மறிப்பில்லாமல் போகும். ஆக இரண்டு காதும் அடிபடும்.

குழுவுக்குள் கதைக்க ஒரு சுவிட்ச் வைத்த மைக்கும் வேண்டும், அதுவும் காதுகளுக்கு மட்டும். கோயில் நிர்வாகத்தில் இருந்து ஒருவர் மேடைக்குப் பின்னால் வந்து, ஒலிபெருக்கி அனுமதி நேரம் முடியப்போகிறது, இன்னும் ஒரு பாட்டுத்தான் என்று சைகை காட்டுவார். காதை அடைத்த ஐந்து பேருக்கும் அதைச் சொல்ல வேறு வழி கிடையாது.

கிளிக்கும் ட்ராக்கும்

ட்ராக் (முன்பே பதிந்த பின்னணி இசை) வைத்து வாசிக்கும் குழுக்கள் இதைக் கவனிக்க வேண்டும். மிகச் சுலபமான முறை, ஸ்டீரியோ பைலின் இடது பக்கத்தில் கிளிக்கையும் வலது பக்கத்தில் ட்ராக்கையும் வைத்துத் தயாரிப்பது. லப்டொப்பில் இருந்து இரண்டாகப் பிரியும் வயர் ஒன்றால் இரண்டு சனலுக்கு அனுப்புங்கள். கிளிக் சனலின் வெளிப் பேடரை முழுதாக இறக்கிவிடுங்கள். 'டொக் டொக்' என்று ஊர் முழுக்கக் கேட்டால் அடுத்த வருடம் வரை அதைச் சொல்லியே சிரிப்பார்கள். போனில் இருந்து ட்ராக் போடுவதென்றால் ப்ளைட் மோட். பாட்டுக்கு நடுவில் அழைப்பு வரக்கூடாது.

வயர்லெஸ்

பாடகருக்கு வயர்லெஸ் வாங்க முடிவெடுத்தால் இரண்டு வகை. எக்ஸ்வைவ் யு4 போல 2.4 கிகாஹேர்ட்ஸில் ஓடும் சின்னப் பெட்டிகள் மலிவு, செருகினால் வேலை செய்யும். ஆனால் வைபையும் ப்ளூரூத்தும் அதே இடத்தில்தான் ஓடுகின்றன. வெறும் மைதானத்தில் மத்தியானம் சோதிக்கும்போது ஒரு குறையும் இராது. இரவு ஆயிரம் போன் வந்து முன்னால் இருந்ததும் சத்தம் அறுந்து அறுந்து வரும். மனித உடம்பும் இந்த அலைவரிசையை நன்றாக விழுங்கும். ஆகவே ட்ரான்ஸ்மிற்றர் பெட்டி பாடகருக்குக் கிட்ட, அவர் கண்ணுக்குத் தெரியும் உயரத்தில் இருக்க வேண்டும். சனத்துக்கு நடுவில் உள்ள மிக்ஸர் மேசையில் வைத்துவிட்டு வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். டிஜிற்றல் மிக்ஸரைப் போனால் இயக்குபவர்கள் அதன் வைபையை 5 கிகாஹேர்ட்ஸுக்கு மாற்றிவிட வேண்டும். அதற்கு வெளியில் ஒரு நல்ல ரவுட்டர் வைத்தால் போதும். டிஜிற்றல் வயர்லெஸ்ஸில் சில மில்லிசெக்கன் பிந்தும். வாத்தியக்காரருக்கு அது தெரியாது, பாடகருக்குக் குரலின் நிறம் சற்று மாறியது போலத் தோன்றலாம்.

ஷூர் பிஎஸ்எம்300 போன்ற யுஎச்எப் வகை இதைவிட உறுதி, விலையும் அப்படியே. ஆனால் ஒரே மொடலை நாட்டுக்கு நாடு வெவ்வேறு அலைவரிசையில் விற்கிறார்கள். வெளிநாட்டில் இருந்து வாங்கிவிக்க முன், அந்த அலைவரிசை இலங்கையில் அனுமதிக்கப்பட்டதா என்று தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் கேட்டுவிடுங்கள். மேடையில் மற்ற வயர்லெஸ் மைக்குகள் எல்லாவற்றையும் இயக்கிவிட்டுத்தான் வெறுமையான அலைவரிசையைத் தேட வேண்டும். இன்-இயர் ரிசீவரையும் மைக்கின் ட்ரான்ஸ்மிற்றரையும் ஒரே பக்கத்து இடுப்பில் செருகக் கூடாது. ஒன்று இடது, ஒன்று வலது. பற்றரி ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் புதிது; பாதி தீர்ந்ததை ஒத்திகைக்கு வைத்துக்கொள்ளலாம்.

கரண்ட்

வெளி ஸ்பீக்கரில் கவனிக்காமல் விடும் இரைச்சல் காதுக்குள் பெரிதாகக் கேட்கும். மேடையின் ஒரு பக்கம் ஜெனரேற்றர், மறு பக்கம் கோயில் லைன் என்று இரண்டு இடத்தில் கரண்ட் எடுத்தால் 'ம்ம்ம்' என்ற உறுமல் நிச்சயம். மிக்ஸர், கீபோட், லப்டொப், அம்ப் எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் இருந்து எடுங்கள். கீபோட்டுக்கும் லப்டொப்புக்கும் டிஐ பெட்டி (அவற்றின் சத்தத்தை மைக் வயரில் அனுப்பும் சின்னப் பெட்டி) போட்டு அதில் 'கிரவுண்ட் லிப்ற்' பொத்தானைப் பாவித்துப் பாருங்கள். உறுமலை நிறுத்துவதற்காகப் பிளக்கில் எர்த் காலைக் கழற்றும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. கிற்றாரைப் பிடித்துக்கொண்டு மைக்கில் வாய் வைப்பவரின் உயிர் அது. தொடவே கூடாது.

டிஜிற்றல் மிக்ஸருக்கு ஒரு சின்ன யுபிஎஸ் வாங்குங்கள். கரண்ட் போய் ஜெனரேற்றர் எடுக்கும் அந்த இடைவெளியில் மிக்ஸர் அணைந்தால் அது மீண்டும் எழும்பும் வரை மேடை முழுக்க ஊமை.

காதைக் காப்பது

இயர்போன் செவிப்பறைக்கு மிகக் கிட்ட இருக்கிறது. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நயோஷ் சொல்லும் கணக்கு, 85 டெசிபெல் என்றால் ஒரு நாளைக்கு 8 மணித்தியாலம். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகும்: 88 என்றால் 4, 91 என்றால் 2, 94 என்றால் ஒன்று. 100 டெசிபெல்லில் 15 நிமிடம் மட்டும். மூன்று மணித்தியாலத் திருவிழா நிகழ்ச்சிக்கு ஏறக்குறைய 89-க்குள் நிற்க வேண்டும். ட்ரம்ஸுக்கு நடுவில் நின்று வெட்ஜை நம்பினால் இது முடியாத காரியம். நன்றாக அடைத்த இன்-இயரில் முடியும், அளவைக் கூட்டாமல் இருந்தால். அளக்கக் கருவி இல்லாவிட்டால், நிகழ்ச்சி முடிந்து வீட்டுக்கு வந்தும் காதில் 'ங்ய்' என்று இரைந்தால் அன்று சத்தம் கூடிவிட்டது என்று எடுத்துக்கொண்டு அடுத்த முறை குறையுங்கள்.

ஒவ்வொரு ஒக்ஸிலும் லிமிற்றர் (சத்தம் ஓர் அளவுக்கு மேல் போகாமல் மறிப்பது) போடுங்கள். யாரோ மைக் வயரை இழுத்துவிட்டால், மைக் கீழே விழுந்தால், அந்த வெடி நேராகக் காதுக்குள் போகும். சனலை மியூட் செய்யாமல் எந்த வயரையும் கழற்றுவதில்லை என்று குழுவுக்குள் ஒரு சட்டம் வையுங்கள். மிக்ஸர் முழுதாக எழும்பிய பிறகுதான் காதில் போட வேண்டும். கரண்ட் போனதும் முதலில் காதைக் கழற்ற வேண்டும்.

நிகழ்ச்சி நாளன்று

இரண்டு வெட்ஜையாவது மேடையில் விட்டு வையுங்கள். திருவிழா மேடையில் யார் ஏறுவார்கள் என்று சொல்ல முடியாது; உபயகாரரின் மகள் ஒரு பாட்டுப் பாட வருவாள், வெளிநாட்டில் இருந்து வந்தவர் ஒருவர் பழைய பாட்டொன்று பாட ஆசைப்படுவார். பழக்கமில்லாதவரின் காதில் இன்-இயரைச் செருகினால் அவர் பயந்துபோவார், அடுத்தவர் முனையை இன்னொருவருக்குப் போடுவதும் சுத்தமில்லை. குழு புதிதாகப் பழகும்போதும் முதல் நிகழ்ச்சியில் ட்ரம்ஸ்காரர் மட்டும், அடுத்ததில் கீபோட்காரரும் சேர்ந்து, பாடகர் கடைசியாக என்று போவது நல்லது.

மேடைக்கு ஏறுமுன் வயரைச் சட்டைக்குள்ளால் முதுகுப் பக்கமாக விட்டு, கழுத்தடியில் கிளிப் போட்டு, கையை உயர்த்தித் தலையைத் திருப்பிப் பாருங்கள். அம்பின் வொலியூமில் ஒத்திகையில் வைத்த இடத்தைச் சின்ன ரேப்பால் அடையாளம் பண்ணி வையுங்கள். மேடைப் பதற்றத்தில் கை தானாகக் கூட்டும். அடையாளம் தெரிந்தால் கண் பிடிக்கும்.

முடிந்ததும்

வியர்வையும் செம்மண் தூசியும்தான் இயர்போனின் எதிரிகள். கழற்றியதும் உலர்ந்த துணியால் துடைத்து, முனையைக் கழற்றி, இயர்போன் குழாயின் வாயில் உள்ள வலையில் ஒட்டிய குறும்பியை மென்மையான பிரஷ்ஷால் கீழ்நோக்கிப் பிடித்துத் தட்டிவிடுங்கள். ஊசியால் குத்த வேண்டாம். சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பைகளில் இரண்டை இயர்போன் டப்பாவுக்குள் போட்டு வைத்தால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், மார்கழி மழையில் இது இன்னும் அவசியம். வயரை விரலில் இறுக்கிச் சுற்றாமல் தளர்வாக வளையமாக்குங்கள்.

இயர்போன் வயர் ஒன்று, நுரை முனைகள் ஒரு பாக்கெற், பற்றரி இரண்டு சோடி, பெரிய ஜாக்குக்கும் சின்ன ஜாக்குக்கும் மாற்றிகள், வட்டக் கால் சொக்கற்றுக்கான அடப்டர் எல்லாம் ஒரு டப்பாவில் எப்போதும் குழுவின் வான் வண்டியில் இருக்கட்டும். முல்லைத்தீவில் இரவு எட்டு மணிக்கு வயர் அறுந்தால், ஏ9 வீதிக்கு ஏறி யாழ்ப்பாணத்துக் கடைக்குப் போய் வர நேரமிருக்காது.